நூறடிக்கு ஓர் அங்குலம்

வயலை மட்டம் செய்வது என் தொழில்.
லூசியானாவில், கப்லான் ஊருக்குத் தெற்கே,
நெல் அறுத்தபின் அதே தண்ணீரில்
கிராஃபிஷ் இறால் விளையும் பூமி.
முக்காலியில் லேசரை நிறுத்தினால்
சுழலும் சிவப்புக் கோட்டுக்கு
டிராக்டரின் வாளி தானே ஏறும், தானே இறங்கும்.
அரை அங்குல மேடு
என் கண்ணுக்குத் தப்பியதில்லை.

நொயெமியின் தோள் தப்பியது.

முதலில் பார்த்தவள் டெல்ஃபீன்.
பாவாடை ஓரத்தை மடித்துத் தைக்கும்போது
வாயில் குண்டூசிகளோடு சொன்னாள்:
"இடப்பக்கம் இறங்குது. துணியில தப்பில்ல."

அதன்பின் எண்கள்.
பதினோரு வயதில் இருபத்திநான்கு டிகிரி.
பன்னிரண்டில் முப்பத்தேழு.
நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர்
எக்ஸ்ரேயின் மேல் இரண்டு கோடு இழுத்து
அவை வெட்டிக்கொள்ளும் இடத்தை வட்டமிட்டார்.
அவர் வாய் திறக்கும் முன்
நான் அந்தக் கோணத்தைப் படித்துவிட்டேன்.
தொழில் பழக்கம்.

முதுகில் தொடங்கியது அல்ல, நரம்பில் என்றார்.
கால் எங்கே இருக்கிறதென்று
மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு.
அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று,
இரண்டும் சேர்ந்தால்தான் வருமாம்.
குளிர்தேசத்திலிருந்து துரத்தப்பட்டுக்
கப்பலில் வந்திறங்கிய சில குடும்பங்களே
இந்தச் சதுப்பு முழுக்கப் பரவியவர்கள்.
எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர்
எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியாமல் நின்றார்கள்.
அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது.

பிளாஸ்டிக்கில் ஒரு கூடு செய்து தந்தார்கள்.
நாளுக்கு இருபது மணி நேரம். தூங்கும்போதும்.
ஆகஸ்ட் வெக்கையில் அதற்குள் உடம்பு வேகும்.
ஒருநாள் இறால் கூண்டுகளோடு
அதையும் தண்ணீரில் இறக்கியிருந்தாள்.
"இதுல ஏதாவது மாட்டுதான்னு பாரு."
நான் திட்டவில்லை.
கழுவிக் காயவைத்தேன்.
பட்டையைக் கவ்வியபடி
நிஜமாகவே ஒன்று மாட்டியிருந்தது.

ஐம்பத்தொன்று ஆன வருஷம்
ஒரு மாலை, லேசரை முற்றத்தில் வைக்கச் சொன்னாள்.
கொட்டகைச் சுவரைப் பார்த்து
முதுகு காட்டி நின்றாள்.
கோடு ஒரு தோளில் பட்டது.
மற்றதைத் தொடாமல்
மேலே சுவரில் போனது.
"கண்ண மூடட்டுமா?"
மூடினால் விழுவாள்.
இருட்டில் அவள் பாதங்களை அவளுக்குத் தெரியாது.
மூடினாள்.
இரண்டு கையையும் விரித்து,
தொடாமல், பின்னால் நின்றேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கில் என்மேல் சாய்ந்து சிரித்தாள்.
"எது கோணல்? நானா, உன் மெஷினா?"

அறுவைக்கு முன் இதயத்தையும் சோதித்தார்கள்;
இந்த நோய்க்கு அந்த வீட்டிலும் சாவி உண்டு.
படுக்கையில் கிடக்கும் வாரங்களில் நடை போகலாம்,
போனது திரும்பாமலும் இருக்கலாம்:
சம்மதத் தாளில் அது ஏழாவது வரி.
அவளே வாசித்தாள்.
அவளே பேனா கேட்டாள்.

"முழுசாக நிமிராது" என்றார் மருத்துவர்,
"பத்தொன்பது டிகிரி மிச்சம் விடுவோம்."
காரணம் சொல்லத் தொடங்கினார்.
வேண்டாம் என்றேன்.
எந்த வயலையும் நான் கண்ணாடியாக விடுவதில்லை.
நூறடிக்கு ஓர் அங்குலம் சாய்வு.
இல்லாவிட்டால் தண்ணீர் வடியும் திசை தெரியாமல்
நின்ற இடத்தில் வேரை அழுகவைக்கும்.

(அவர் சொல்ல வந்தது வேறு.
இன்னும் இழுத்தால் தண்டுவடம் தாங்காது என்பது.
டெல்ஃபீன் காரில் சொன்னாள்.)

இப்போது இரண்டு அங்குலம் உயரம்.
நாற்காலியில் உட்கார்ந்தால்
முழங்கைகள் இரண்டும் ஒரே மட்டம்.
நடை, சமையலறை மேசையைப் பிடித்துப் பத்தடி.
சில நாள் ஆறு.

டெல்ஃபீன் அந்தப் பாவாடையின் தையலைப் பிரிக்கிறாள்.
பழைய மடிப்பு
இஸ்திரிக்கு மசியாமல் கோடாகக் கிடக்கிறது.
குண்டூசி ஒன்று தரையில் விழுகிறது.
நொயெமியால் இனிக் குனிய முடியாது.
முழங்காலிட்டுத் தேடுகிறேன்.
மேலேயிருந்து அவள் குரல்:
"அங்க இல்ல.
இடப்பக்கம்.
இன்னும் கொஞ்சம்."